டிராக்டரின் இரண்டு பிரேக்குகள்



தோட்டத்தில் வாழும் நமக்கு டிராக்டர் புதிய பொருளன்று. விடியற்காலையில் பெரட்டு முடிந்ததும் அதன் உறுமல் கேட்கும். உரமூட்டைகளை ஏற்றிச் செல்வதும், பால் வாளிகளை ஏற்றி வந்ததும், இன்று செம்பனைக் குலைகளை ஆலைக்கு இழுத்துச் செல்வதும் அதுதான். நம் வீட்டுப் பிள்ளைகள் படம் வரையச் சொன்னால் முதலில் வரைவதும் டிராக்டரைத்தான்.

ஆனால், அதன் ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே நாம் எத்தனை பேர் குனிந்து பார்த்திருக்கிறோம்? இடக்காலுக்கு ஒரு மிதி, அது கிளச். வலக்காலுக்கு, பழைய டிராக்டர்கள் பலவற்றில், அடுத்தடுத்து இரண்டு மிதிகள் இருக்கும். இரண்டும் பிரேக்குகளே. காருக்கும் லாரிக்கும் ஒரே பிரேக் மிதி போதும்போது, டிராக்டருக்கு மட்டும் ஏன் இரண்டு? அந்த இரண்டையும் ஒன்றாகப் பிணைக்கும் ஒரு சிறு இரும்புத் தகடு ஏன் உண்டாயிற்று? இந்தக் கேள்விகளுக்குப் பின்னால் ஒரு நல்ல வரலாறு இருக்கிறது. பல உயிர்களைக் காக்கக்கூடிய ஒரு பாடமும் இருக்கிறது. அதனையே இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

முதலில் ஏரையும் மாட்டையும் நினைத்துக்கொள்வோம். நம் முன்னோர் ஊரில் உழுதபோது, வயலின் ஓரத்தை அடைந்ததும் ஏரைத் திருப்ப வேண்டும். உழவர் என்ன செய்வார்? இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் இடத்து மாட்டைக் கயிற்றால் இழுத்து நிறுத்துவார். வலத்து மாட்டை அதட்டி நடக்கவிடுவார். நின்ற மாட்டைச் சுற்றி நடந்த மாடு வளைந்து வரும். ஏர் சிறிய இடத்திலேயே திரும்பிவிடும். ஒரு பக்கத்தை நிறுத்தி மறுபக்கத்தை நடத்துவது என்ற இந்த உபாயத்தை மறவாமல் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். டிராக்டரின் இரண்டு பிரேக்குகளும் இதே உபாயம்தான்.

பெட்ரோலால் ஓடி, முன்னும் பின்னும் செல்லக்கூடிய டிராக்டரை 1892-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஜான் ஃபுரோலிக் என்பவர் உருவாக்கினார். அதற்குப் பின் கால் நூற்றாண்டு வரை டிராக்டர் என்பது பெரிய பண்ணைக்காரர்களின் பொருளாகவே இருந்தது. 1917-இல் ஹென்றி ஃபோர்டு தமது ஃபோர்ட்சன் டிராக்டரைத் தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்யத் தொடங்கினார். அதன் பிறகே சாதாரண விவசாயிக்கும் டிராக்டர் எட்டும் பொருளாயிற்று. 1928 வரை அமெரிக்காவில் 7 லட்சத்துக்கும் அதிகமான ஃபோர்ட்சன்கள் செய்யப்பட்டன.

இவ்வளவு புகழ்பெற்ற அந்த ஃபோர்ட்சனில், நாம் இன்று காண்பது போன்ற தனிப் பிரேக் மிதி கிடையாது என்றால் நம்புவீர்களா? கிளச் மிதியைக் கொண்டே வண்டியை நிறுத்த வேண்டும். அன்றைக்கு அது பெரிய குறையாகத் தோன்றவில்லை. அந்த டிராக்டரின் சக்கரங்கள் இரும்பால் ஆனவை. மண்ணைப் பற்றிக்கொள்ள அவற்றில் கூரிய இரும்புப் பற்கள் இருந்தன. உழும்போது ஒரு மனிதர் நடக்கும் வேகந்தான் அதன் வேகம். உழுத மண்ணே அதற்குப் பிரேக்காக இருந்தது எனலாம்.

ஆனால், திரும்புவதில்தான் தொல்லை. டிராக்டரின் எடையில் பெரும்பகுதி பின்சக்கரங்களின் மேல் இருக்கிறது. முன்சக்கரங்கள் சிறியவை, அவற்றின் மேல் பாரம் குறைவு. பின்னால் கலப்பை மண்ணில் இழுபடும்போது முன்பக்கம் இன்னும் இலேசாகிவிடும். அப்போது ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும், முன்சக்கரங்கள் மண்ணைச் சறுக்கிக்கொண்டு நேராகவே போகும்.

இங்கே டிராக்டரின் உள்ளிருக்கும் ஒரு கருவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு டிஃபரன்ஷியல் என்று பெயர். 1820-களின் இறுதியில் பிரான்சு நாட்டுக் கடிகாரத் தொழில் வல்லுநரான பெக்கர் என்பவர் நீராவி வண்டிக்காக இதனை அமைத்தார். அதன் வேலையைப் புரிந்துகொள்ள நம் பள்ளி விளையாட்டுப் போட்டியின் அணிவகுப்பை நினைத்துப் பாருங்கள். வரிசை ஒரு மூலையில் திரும்பும்போது, உட்பக்கத்துப் பிள்ளை நின்ற இடத்திலேயே கால் மாற்றுகிறது. வெளிப்பக்கத்துப் பிள்ளை எட்டிக் கால் வைக்கிறது. வண்டியின் பின்சக்கரங்களும் அப்படியே. திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிகத் தூரமும் உட்சக்கரம் குறைந்த தூரமும் ஓட வேண்டும். ஓர் எஞ்சினின் சுழற்சியை இரு சக்கரங்களுக்கும் அனுப்பிக்கொண்டே, அவை வெவ்வேறு வேகத்தில் சுழல இடங்கொடுப்பதுதான் டிஃபரன்ஷியல்.

இந்தக் கருவிக்கு ஒரு குணம் உண்டு. ஒரு சக்கரத்தைப் பிடித்து நிறுத்திவிட்டால், அந்தச் சக்கரத்துக்குரிய சுழற்சியும் மறுசக்கரத்துக்கே போய்விடும். மறுசக்கரம் இரட்டிப்பு வேகத்தில் சுழலும். நின்ற சக்கரத்தை அச்சாக வைத்து வண்டி வட்டமடிக்கும். நின்ற மாட்டைச் சுற்றி மற்ற மாடு வந்ததே, அதே கதைதான்!

இந்தக் குணத்தை விவசாயத்துக்குப் பயன்படுத்தியவர்களில் முன்னே நின்றது இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம். 1924-இல் அது ஃபார்மால் என்ற டிராக்டரை விற்பனைக்குக் கொண்டு வந்தது. சோளம், பருத்தி போன்ற வரிசைப் பயிர்களுக்கு இடையே ஓடுவதற்காகச் செய்யப்பட்ட டிராக்டர் அது. ஒரு வரிசை முடிந்ததும் அடுத்த வரிசைக்குள் உடனே திரும்ப வேண்டும். இல்லையேல் பயிர் நசுங்கும். ஆகவே, ஸ்டீயரிங்கோடு இரும்புக் கம்பி வடங்களை இணைத்து, அதை முழுவதும் ஒரு பக்கம் திருப்பினால் அந்தப் பக்கத்துப் பின்சக்கரத்தின் பிரேக் தானாகவே பிடிக்கும்படி செய்தார்கள்.

பின்னர், வடங்களைவிட ஓட்டுநரின் கால்களை நம்புவதே மேல் என்ற முறை பரவியது. வலச்சக்கரத்துக்கு ஒரு மிதி, இடச்சக்கரத்துக்கு ஒரு மிதி. எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமோ அந்தப் பக்கத்து மிதியை அழுத்தினால் போதும். இதில் இன்னொரு நன்மையும் இருந்தது. ஒரு சக்கரம் சேற்றில் சிக்கி வீணாகச் சுழலும்போது, அந்தச் சக்கரத்தின் பிரேக்கை மெதுவாக அழுத்தினால், கெட்டித் தரையில் நிற்கும் மறுசக்கரத்துக்கு இழுக்கும் சக்தி கிடைக்கும். மழைக்காலத்தில் சேற்றுப் பாதையில் நம் அனுபவமிக்க ஓட்டுநர்கள் இப்படி வண்டியை மீட்டதை நம்மில் பலர் பார்த்திருப்போம்.

1938-இல் ஹென்றி ஃபோர்டும், அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்குசனும் கைகுலுக்கி ஓர் உடன்பாடு செய்துகொண்டனர். அடுத்த ஆண்டே 9என் என்ற டிராக்டர் வெளிவந்தது. கலப்பையை ஹைட்ராலிக் சக்தியால் தூக்கி இறக்கும் அதன் அமைப்பு உலகத்தையே வியக்க வைத்தது. ஆனால், அதன் பிரேக் மிதிகள் இரண்டும் ஒரே பக்கத்தில் இல்லை. வலப் பிரேக் வலக்காலுக்கு. இடப் பிரேக், கிளச்சோடு சேர்ந்து இடக்காலுக்கு. வண்டியை நேராக நிறுத்த வேண்டுமானால் இரண்டு கால்களும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் அழுத்த வேண்டும். இடக்காலோ கிளச்சையும் கவனிக்க வேண்டும். வயலில் இது பெரிதாகத் தெரியாது. சாலையில் தெரியும். 1947-இல் ஃபோர்டு நிறுவனம் வெளியிட்ட 8என் டிராக்டரில் இரண்டு பிரேக் மிதிகளும் வலப்பக்கத்துக்கே மாற்றப்பட்டன. ஒரே காலால் ஒன்றையும் அழுத்தலாம், இரண்டையும் அழுத்தலாம் என்ற நிலை வந்தது.

சாலை என்றோமே, இரும்புச் சக்கர டிராக்டர் சாலைக்கு எப்படி வந்தது? அங்கேதான் நம்மோடு தொடர்புடைய ஒரு பொருள் கதைக்குள் நுழைகிறது. அதுதான் ரப்பர்.

1932-இல் அமெரிக்காவின் அல்லிஸ்-சால்மர்ஸ் நிறுவனம் தனது யூ வகை டிராக்டருக்குக் காற்றடைத்த ரப்பர் டயர்களைப் பொருத்தி விற்கத் தொடங்கியது. விவசாயிகள் முதலில் நம்பவில்லை. ரப்பர் மண்ணில் வழுக்கும் என்றார்கள். முள் குத்தினால் போயிற்று என்றார்கள். அவர்களை நம்ப வைக்க அந்த நிறுவனம் புகழ்பெற்ற பந்தய ஓட்டுநர்களைக் கொண்டு டிராக்டர் பந்தயங்களை நடத்தியது. 1933-இல் பார்னி ஓல்டுஃபீல்டு என்பவர், அதற்கென மாற்றி அமைக்கப்பட்ட டிராக்டரை மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் ஓட்டிக் காட்டினார். சில ஆண்டுகளுக்குள் இரும்புச் சக்கரம் மறையத் தொடங்கியது.

அந்தக் காலத்தில் உலகத்திலேயே அதிகமாக இயற்கை ரப்பரை விளைவித்த நாடு மலாயா. அந்த ரப்பரைச் சீவி எடுத்தவர்களில் பெரும் பங்கினர் நம் பாட்டன் பாட்டிமார். டிராக்டரை வயலிலிருந்து சாலைக்குக் கொண்டு வந்த டயர்களுக்குப் பின்னால் அவர்களின் உழைப்பும் இருந்தது என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

ஆயினும், வேகம் வந்ததும் ஆபத்தும் உடன் வந்தது. வயலில் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மிதியை மட்டும் அழுத்தினால் வண்டி அழகாகத் திரும்பும். சாலையில் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் அதே மிதியை மட்டும் அழுத்தினால் என்ன ஆகும்? வேகம் ஐந்து மடங்கானால் அந்த வேகத்தின் சக்தி 25 மடங்காகும். ஒரு சக்கரம் நிற்க, மறுசக்கரம் தள்ள, வண்டி சட்டென்று ஒரு பக்கமாகச் சுழலும். உயரமான, ஒடுக்கமான டிராக்டர் அந்த வேகத்தில் சுழன்றால் கவிழ்ந்துவிடும். திருப்புவதற்காக வைத்த உபாயமே கவிழ்க்கும் உபாயமாகி விடுகிறது.

இதற்கு மாற்று என்ன? ஏர் மாடுகளுக்கு நுகத்தடி எப்படியோ, அப்படி ஒன்று தேவைப்பட்டது. ஒரு மிதியின் பக்கத்தில் கீல் போல அசையும் ஒரு சிறு இரும்புத் தகட்டைப் பொருத்தினார்கள். அதைத் திருப்பி அடுத்த மிதியின் மேல் மாட்டிவிட்டால் இரண்டு மிதிகளும் ஒன்றாகிவிடும். எதை அழுத்தினாலும் இரண்டு சக்கரங்களும் சேர்ந்து பிடிக்கும். வயலுக்குள் போகும்போது தகட்டை விலக்கிவிடலாம். 1960-களின் நடுப்பகுதியில் வந்து உலகெங்கும் பரவிய மாஸி பெர்குசன் 135 டிராக்டரில் இத்தகைய பூட்டு இருந்தது. அதற்கும் முந்திய சில டிராக்டர்களில் பூட்டு இல்லை. அவற்றை வைத்திருந்தவர்கள் பட்டறையில் தாமே தகடு செய்து பொருத்திக்கொண்டார்கள்.

நம் நாட்டின் தோட்டங்களில் மாட்டு வண்டியும், சில இடங்களில் சிறு இரயில் பாதையும் செய்த வேலையை இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டிராக்டரும் டிரெய்லரும் படிப்படியாக ஏற்றுக்கொண்டன. ரப்பர் மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை பெருகியபோது டிராக்டரின் வேலையும் பெருகியது. வெட்டிய குலை ஒரு நாளுக்குள் ஆலைக்குச் சேர வேண்டும். தாமதித்தால் எண்ணெயின் தரம் கெடும். ஆகவே, சில டன் பாரத்தோடு மேட்டிலும் பள்ளத்திலும் விரைய வேண்டிய கட்டாயம் ஓட்டுநருக்கு ஏற்பட்டது. சோளக் கொல்லையில் திரும்புவதற்காகப் பிறந்த யந்திரம், மலைச்சரிவில் பாரம் இறக்கும் யந்திரமாயிற்று. அங்கே மிதிகளைப் பிணைக்கும் அந்தச் சிறு தகடுதான் ஓட்டுநருக்குத் துணை.

ஆனால், அந்தத் தகட்டின் பயனை அவருக்கு யார் சொன்னார்கள்? டிராக்டரோடு வந்த கையேடு ஆங்கிலத்தில் இருந்தது. அது அலுவலக அலமாரியில் இருந்தது. ஓட்டுநர், தமக்கு முன் ஓட்டியவரைப் பார்த்தே தொழில் கற்றார். முன்னவர் தகட்டை மாட்டினால் இவரும் மாட்டினார். முன்னவர் மாட்டாவிட்டால் இவரும் மாட்டவில்லை. தகடு தேய்ந்து விழுந்துவிட்டாலோ, அப்படி ஒன்று இருந்ததே மறந்து போயிற்று.

நாம் அறிந்த ஒரு தோட்டத்தில் நடந்தது இது. இறக்கத்தில் குலை பாரத்தோடு வந்த டிராக்டரின் முன்னால் மாடு ஒன்று குறுக்கிட்டது. ஓட்டுநர் பதறி மிதித்தபோது கால் ஒரு மிதியில் மட்டுமே பட்டது. வண்டி பக்கவாட்டில் இழுத்துக் கால்வாயில் விழுந்தது. டிரெய்லர் பின்னாலிருந்து நெருக்கியது. ஓட்டுநர் பிழைத்தார்; ஆனால், ஒரு கால் முன்போல் ஊன்ற முடியாமல் போயிற்று. ஓட்டுநரின் கவனக்குறைவு என்று எழுதி விசாரணையை முடித்தார்கள். அந்த வண்டியில் மிதிப்பூட்டு இல்லாமல் பல மாதம் ஓடியது என்பதை எவரும் எழுதவில்லை. அவருடைய பிள்ளைகள் நம் வகுப்பில் படித்தவர்கள். ஒரு சாண் இரும்பு இல்லாததால் ஒரு குடும்பம் பட்ட பாட்டை நாம் அருகிலிருந்து கண்டோம்.

ஆகவே நேயர்களே, பழைய டிராக்டர் ஓடும் இடங்களில் கவனிக்க வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

முதலாவது, பூட்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் பட்டறையில் சொல்லிச் செய்து பொருத்த வேண்டும். கனமான தகடாக இருக்க வேண்டும். அதைத் தாங்கும் போல்ட்டு ஆட்டமின்றி இருக்க வேண்டும். வண்டி குலுங்கும்போது தானாகக் கழன்றுவிடாதபடி அது கவ்விப் பிடிக்க வேண்டும். கம்பியாலோ கயிற்றாலோ மிதிகளைக் கட்டுவது பூட்டாகாது. கம்பி நெகிழும், ஒரு மிதி முந்தும், மறுமிதி பிந்தும். மிதிகளை நிரந்தரமாக ஒட்டவைத்து விடுவதும் சரியன்று. சேற்றிலும் வயலிலும் அவை தனித்தனியே தேவைப்படும்.

இரண்டாவது, பூட்டினால் மட்டும் போதாது. இரண்டு பிரேக்குகளும் ஒரே அளவில் பிடிக்க வேண்டும். எப்போதும் ஒரே பக்கமாகத் திரும்பி வேலை செய்யும் வண்டியில், அந்தப் பக்கத்துப் பிரேக் விரைவில் தேய்ந்துவிடும். பிறகு மிதிகளைப் பிணைத்தாலும் தேயாத பக்கமே முதலில் பிடிக்கும். வண்டி அந்தப் பக்கமாக இழுக்கும். இழுக்கும் வண்டியை மெக்கானிக்கிடம் காட்டி இரண்டு பக்கத்தையும் சமப்படுத்த வேண்டும். சமமான இடத்தில், பாரமின்றி, மெதுவாக ஓட்டி மிதித்துப் பார்த்தால் வண்டி நேராக நிற்கிறதா என்று தெரிந்துவிடும்.

மூன்றாவது, வயலைவிட்டுப் பாதையில் ஏறுமுன் பூட்ட வேண்டும். இறக்கத்தில் நடுவழியில் கியர் மாற்றாமல், தொடங்கும்போதே குறைந்த கியரில் இறங்க வேண்டும். நியூட்ரலில் உருளவிடவே கூடாது. பழைய டிராக்டர்களில் பின்சக்கரங்களுக்கு மட்டுமே பிரேக் உண்டு என்பதையும், பின்னாலிருக்கும் டிரெய்லர் டிராக்டரைத் தள்ளும் என்பதையும் மறக்கலாகாது.

உலக நாடுகள் இந்தப் பாடங்களை மெல்ல மெல்லவே கற்றன. புதிய டிராக்டர் கவிழ்ந்தாலும் ஓட்டுநர் நசுங்காதபடி காக்கும் கூண்டு இருக்க வேண்டும் என்று சுவீடன் 1959-இல் சட்டமாக்கியது. பிரிட்டனில் 1970 முதல் அது கட்டாயமாயிற்று. நம் மலேசியாவில் 1994-ஆம் ஆண்டின் தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் விவசாயத் தொழிலையும் தன்னுள் அடக்கியது. பாதுகாப்பான யந்திரத்தைக் கொடுப்பதும், அதை இயக்கப் பயிற்சி தருவதும் முதலாளியின் கடமை என்று அச்சட்டம் கூறுகிறது. கொடுத்த பாதுகாப்பு முறைகளைப் பின்பற்றுவது தொழிலாளியின் கடமை என்றும் அது கூறுகிறது. ஆகவே, பூட்டு இல்லாத டிராக்டரைப் பற்றி முறையிடுவது சண்டித்தனமன்று. சட்டம் நமக்கு அளித்த உரிமை.

இன்றைய புதிய டிராக்டர்களில் பிரேக்குகள் எண்ணெயில் மூழ்கிய தட்டுகளால் ஆனவை; அவை எளிதில் தேய்வதில்லை. சறுக்கும் சக்கரத்துக்காக டிஃபரன்ஷியலையே பூட்டும் வசதியும் வந்துவிட்டது. ஆயினும், இரண்டு மிதிகளும் அவற்றைப் பிணைக்கும் பூட்டும் பல டிராக்டர்களில் இன்னும் இருக்கின்றன. திருப்பும் தேவையும் நிறுத்தும் தேவையும் மாறவில்லை அல்லவா?

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. டிரெய்லரின் இணைப்புக் கம்பியிலும் டிராக்டரின் மட்கார்டிலும் பிள்ளைகள் தொற்றிக்கொண்டு போவதை அனுமதிக்காதீர்கள். ஓட்டுநர் மாமாவாக இருந்தாலும் சித்தப்பாவாக இருந்தாலும் அந்த இடம் உட்காரும் இடமன்று. வேலைக்குப் புறப்படும் ஓட்டுநரிடம் "சாப்பாடு எடுத்துக்கொண்டீர்களா?" என்று கேட்பதோடு "பிரேக்கைப் பூட்டினீர்களா?" என்றும் ஒரு தரம் கேளுங்கள். கேட்பதற்கு ஒரு நொடி; பூட்டுவதற்கும் ஒரு நொடிதான்.